மருந்துச் சீட்டு கிடைத்தது சுலபம், சரியான சீட்டுக்குத்தான் அலைச்சல்

விறைப்புக் கோளாறுக்கு டாக்டரிடம் போக வெட்கம்தான் தடை என்பார்கள். எனக்கு அந்த வெட்கம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்தவர், உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி "என்ன பிரச்சினை?" என்றார். "டாக்டரிடமே சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். விடாமல் மறுபடி கேட்டார், நானும் அதையே சொன்னேன். சரி என்று எழுதிக்கொண்டார். யாரும் இதையே சொல்லலாம்.

உண்மையான எரிச்சல் உள்ளே காத்திருந்தது. நான் பாதி சொல்வதற்குள் டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து), 100 மில்லிகிராம். பிபி பார்க்கவில்லை. நெஞ்சுவலி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நானாகவே "புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை..." என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மருந்துக் கடையில்தான் அந்தத் தவறு பிடிபட்டது. கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, தினமும் போடும் மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொன்னார். பையில் அந்தப் புராஸ்டேட் மாத்திரை, டாம்சுலோசின், இருந்தது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "இதோடு எடுத்த எடுப்பில் 100 தர மாட்டேன். டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள்." இரண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்துபவை. சேர்ந்தால் பிபி சடாரென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரும். மாத்திரை எழுதிய டாக்டர் கேட்க வேண்டியதை மாத்திரை விற்பவர் கேட்கிறார்!

வேறு டாக்டரைப் பார்த்தேன். எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். அவர் முதலில் கேட்டது நைட்ரேட் பற்றி. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பது, ஐசோசார்பைடு, எதுவாக இருந்தாலும் சில்டெனாஃபில் கிடையவே கிடையாது; சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்: சர்க்கரை, கொழுப்பு, காலையில் எடுக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன். ஆண்குறிக்குப் போகும் குழாய்கள் இதயத்துக் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு சில சமயம் முதலில் இங்கேதான் தெரியும் என்றார். எனக்குச் சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. முதல் சீட்டோடு போயிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

25 மில்லிகிராமில் ஆரம்பித்தோம். எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்ட இரவில் மருந்து வேலையைத் தொடங்கவே வெகுநேரமானது. வயிறு லேசாக இருக்கும் நாளில், ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் பரவாயில்லை. கொஞ்சம் மூக்கடைப்பு, முகத்தில் சூடு, லேசான தலைவலி. வேலை செய்யவில்லையே என்று அதே நாளில் இன்னொன்று போடக் கூடாது. ஆசை இல்லாமல் மருந்து மட்டும் எதையும் எழுப்பாது, இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால், திடீரென்று பார்வையோ காதோ போனால், நேரே அவசரப் பிரிவு. நெஞ்சுவலி வந்தாலும் அப்படித்தான். ஆனால் வேறு யாருடைய நாக்கடி மாத்திரையையும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இன்ன மாத்திரை, இன்ன நேரத்தில் போட்டேன் என்று அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபிலுக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடாலஃபிலுக்குப் பின் 48 மணி நேரம் நைட்ரேட் தரக் கூடாது. என் மனைவிக்கு மாத்திரைப் பெயர் தெரியும். நான் பேச முடியாமல் கிடந்தால் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

'மூலிகை' என்று விற்கும் பொடிகளிலும் சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்தார்கள் என்று யார் கண்டது? நான் அந்தப் பக்கம் போகவில்லை. 50க்கு ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். பிபி பார்த்துவிட்டுத்தான் என்றார்.