ஆல்டோவ கரண்ட் வண்டியா மாத்தப் போறீங்களா? காசு கட்டுறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்ட படிங்க

எங்க பழைய பெட்ரோல் ஆல்டோ இப்ப பச்சை நம்பர் பிளேட்டோட கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓடிட்டிருக்கு. ஆனா நடுவுல பல நாளு இன்ஜினும் இல்லாம மோட்டாரும் இல்லாம வெறும் கூடாத்தான் ஷெட்டுல நின்னுச்சு, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

கரண்டுக்கு மாத்துறதுக்கான மோட்டார், பேட்டரி செட்ட, அதாவது கிட்ட வித்தவரு "ஏஆர்ஏஐ (வண்டிகள சோதிச்சு சான்று குடுக்குற அமைப்பு) அப்ரூவல் இருக்கு சார், ஆர்டிஓல அப்ளிகேஷனும் நாங்களே போட்டுட்டோம்"னு சொல்லி, அவரு ஆளையே விட்டு இன்ஜின இறக்க வச்சிட்டாரு. ஆபீஸ்ல போய்க் கேட்டா அப்படி ஒரு அப்ளிகேஷனே வரல. அவரு குடுத்த அப்ரூவல் பேப்பர அங்க இருந்தவரு பொறுமையா புரட்டிப் பாத்துட்டு, மாடல் பேரு இருக்குற வரியில விரல வச்சு, "தம்பி, இதுல உங்க வண்டி எங்க இருக்கு?"ன்னாரு. அதுல வேற ஒரு கார் பேருதான் இருந்துச்சு. கரண்டுக்கு மாத்துற கிட்டுக்கான ஏஐஎஸ் 123 விதிப்படி கிட்டுக்குக் குடுக்குற அப்ரூவல் எந்த மாடலுக்கோ அதுக்கு மட்டும்தான், மாட்டுறவரும் அந்தக் கம்பெனி அங்கீகரிச்ச ஆளா இருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல முன் அனுமதி வாங்கிட்டுத்தான் வண்டில கையே வைக்கணும். விக்கிறவரு வாயால என்ன சொன்னாலும் சரி, சர்டிபிகேட்ல உங்க மாடல் பேர உங்க கண்ணால பாத்துட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.

ஆல்டோ பேரு போட்ட அப்ரூவல் உள்ள வேற இடத்துல கிட் வாங்கி முறைப்படி அனுமதியும் எடுத்தோம். மோட்டார கியர்பாக்ஸோட சேக்குறது, பேட்டரி பெட்டி வைக்கிறது எல்லாம் சிக்கலில்லாம முடிஞ்சுது. பிரேக் பூஸ்டர், அதாவது பெடல லேசா மிதிக்க உதவுற பாகம், அதுக்கு வேண்டிய வேக்யூம் (உறிஞ்சு விசை) இன்ஜின்ல இருந்துதான் வருது, இன்ஜின் போனா அதுவும் போயிரும், அதனால தனி வேக்யூம் பம்ப் இருக்கான்னு கேட்டுக்கங்க. இல்லன்னா பெடல் கல்லு மாதிரி இறுகிரும்.

நம்ம கடக்கரைக்காரங்களுக்குன்னு ஒரு தொல்லை தனியா இருக்கு, உப்புக்காத்து. வாடைக்காத்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல வண்டி இழுவை கம்மியாயிருச்சு, பேட்டரி பெட்டியத் தொறந்தா ஒரு லக்குல (ஒயர் முனையில அமுக்கி மாட்டுற செம்பு வளையம்) பச்சைக் களிம்பு ஏறி, மேல போட்ட ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கிப் பிடிக்கிற உறை) பழுப்பா கருகிப் போயிருந்துச்சு. எங்க பேக் 24 செல், 76.8 வோல்ட், ஏத்தத்துல 200 ஆம்ப் போகும். அந்த ஜாயிண்ட்ல மின்தடை ஒரு மில்லி ஓம் கூடினாலே 40 வாட் சூடு, சின்ன சோல்டரிங் அயர்ன் அளவு, அதுவும் பேட்டரிக்குப் பக்கத்துல! மெக்கானிக் அண்ணன் பாத்த உடனே "சுத்தியலால தட்டி அமுக்கிருக்காங்கப்பா, இது நிக்காது"ன்னாரு. கிட் குடுத்தவங்க தகராறு பண்ணாம ஆள அனுப்பி, எல்லா லக்கையும் வெட்டிட்டு டின் பூசுன லக் போட்டு, ஹைட்ராலிக் கிரிம்பர்ல (லக்க ஒயரோட இறுக்கி அமுக்குற கருவி) அமுக்கி, உள்ள பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் மாட்டிக் குடுத்தாங்க. இப்ப ராமேஸ்வரம் பாலம் ஏறி இறங்கி வந்து தொட்டுப் பாத்தா லேசான வெதுவெதுப்புதான், எவ்வளவு நிம்மதி தெரியுமா.

ஆர்சில எரிபொருள் மாறின உடனே இன்சூரன்ஸ்லயும் மாத்திருங்க, இல்லன்னா கிளைம் வராமப் போயிரலாம்.

முதல்ல கிட் வித்த அந்த டீலர்கிட்ட குடுத்த அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரல. நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டாச்சு, பில்லும் அவரு அனுப்புன வாட்ஸ்அப் மெசேஜும் பிரிண்ட் எடுத்து சேத்துருக்கேன்.