திட்டைச் சுற்றி ஒரு சுற்று: பாய்ப் படகு, மூன்றாவது முயற்சி

பரிசலில் பாய் கட்டிப் பார்த்த கூத்து போன வருஷத்தோடு முடிந்தது. வட்டமான அடி, காற்று பட்டால் ராட்டினம் மாதிரி சுற்றுமே தவிர, நாம் நினைத்த பக்கம் ஒரு முழம்கூட நகராது. அதனால் இந்த முறை 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில், 11 அடி நீளத்தில் தட்டை அடிப் படகு. பலகைகளைக் கேபிள் டை போட்டுத் தைத்து, சந்தெல்லாம் எபாக்ஸிப் பசை பூசினேன். பாய்மரம் மூங்கில். பாய்க்கு முதலில் காடாத் துணி. காற்று அதன் வழியாகச் சாவகாசமாகப் போய்விட்டது. அப்புறம் தார்ப்பாய். “பேசாம பவானி ஜமுக்காளத்தையே கட்டிருக்கலாமுங்க மாப்ள” என்றார் மச்சான்.

இடம், நெரிஞ்சிப்பேட்டை கதவணைக்கு மேலே தேங்கி நிற்கிற காவிரி. நடு ஆற்றில் ஒரு பாறைத் திட்டு, அதைச் சுற்றி வருவதுதான் திட்டம். அக்கரை பூலாம்பட்டி. ஆறு இங்கே வடக்கிலிருந்து தெற்கே போகிறது, காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. ஆக, மேலே போனாலும் கீழே வந்தாலும் பக்கக் காற்றுதான். கற்றுக்குட்டிக்கு இதைவிட வசதி வேண்டாம். வைகாசிக் கடைசியில் போனதற்கும் காரணம் உண்டு. ஆடியில் காற்று இன்னும் ஜோராக இருக்கும்தான். ஆனால் ஜூன் 12 வாக்கில் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் இது வேறு ஆறு.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கதவணைக்கு நேர் எதிர்த் திசையில், காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ஒன்பதரை வரை காற்றே இல்லை, துடுப்புதான். அப்புறமும் பாலமலை மறிப்பதால் விட்டுவிட்டுத்தான் வந்தது. தறிக் கோன் நூலில் ஒரு சாண் வெட்டிப் பாயில் கட்டியிருந்தேன். அது நேராகப் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது, துவண்டால் கயிற்றை இழுக்க வேண்டும். மொத்தச் செலவில் உருப்படியானது அந்த நூல்தான்.

முதலில் படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நழுவியது. கரையில் ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கரண்ட் கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கண்ணெதிரே விலகின. பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டியிருந்த மூன்றடிப் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினேன். பனையும் கம்பமும் அப்படியே நின்றன. சுக்கான் பிடித்த கையில் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார், அதுவே பெரிய விஷயம்.

திட்டின் வட முனையில் திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் மாறியது. பாயின் அடிக்கழி சடாரென்று வீசி என் காதில் அறைந்தது. கிழக்குப் பக்கம் திட்டின் மறைவில் காற்றே செத்துப் போய், படகு சும்மா மிதந்தது. சரி, சாப்பிடலாம் என்று ஒதுக்கினோம். கரும்பாறை, நாலு சீமைக்கருவேல், இறக்கை காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்கள். கரண்ட் இல்லை, ஆள் இல்லை, போனில் ஒரு கோடுகூட இல்லை. அப்பத்தா கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்பு சாதம் இன்னும் சூடாக இருந்தது. தூரத்தில் பூலாம்பட்டிப் படகின் மோட்டார் மட்டும் கேட்டது. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

தென் முனையில் காற்றுக்கு எதிரே திரும்ப மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் படகு மூக்கை நீட்டிவிட்டுப் பாதியில் நின்றது. கடைசியில் துடுப்புப் போட்டுத்தான் திருப்பினோம், இதை நான் தோல்வி என்றே எழுதிக்கொள்கிறேன்.

துறைக்கு வந்தபோது மணி ஒன்றரை. “ஏனுங்க தம்பி, ஒரு மோட்டார மாட்டிருந்தா அரை மணி நேரத்துல வந்திருக்கலாமுங்களே?” என்றார் பரிசல்காரர்.

சுக்கான் பலகையை 4 அங்குலம் நீட்ட வேண்டும். அடிக்கழியை ஒரு சாண் உயர்த்திக் கட்ட வேண்டும். காது வீக்கத்துக்கு வீட்டில் கதவு இடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.