இடம் பெயர்ந்த விழிலென்ஸ்: அறுவை அரங்கிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

உயரமும் நீண்டு மெலிந்த விரல்களும் கொண்ட ஒன்பது வயதுச் சிறுவனை இன்று பரிசோதித்தேன். கண்பாவையை விரித்து ஸ்லிட் லாம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரு கண்களிலும் லென்ஸ் மேலேறி நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தது. அதன் கீழ்விளிம்பு பாவையின் குறுக்கே பிறை வடிவில் தெரிந்தது. அதற்குக் கீழே, லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள் அறுபடாமல் நீண்டு தொய்ந்திருந்தன. உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மரபுநோயான மார்ஃபான் நோயில் பெரும்பாலும் இப்படித்தான் காணப்படும். ஃபிப்ரிலின்-1 என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள கோளாறு இந்த இழைகளை மட்டுமன்றி மகாதமனியின் சுவரையும் நலிவடையச் செய்யும் என்பதால், முதலில் இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ எடுக்க அனுப்பினேன். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது மிகையாகச் சேரும் ஹோமோசிஸ்டினூரியா என்ற மரபுநோயிலும் லென்ஸ் நகரும். அந்நோயாளிகளுக்கு மயக்க மருந்தின்போது இரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

ஜூன் 12

இதய மருத்துவர் அறுவைக்கு ஒப்புதல் தந்துவிட்டார். ஹோமோசிஸ்டீன் அளவும் இயல்பாக இருக்கிறது. கண்ணாடி போட்டே சமாளிக்க முடியாதா என்று தாயார் கேட்டார். முடிந்தவரை அதுவே நல்லது. ஆனால் லென்ஸின் விளிம்பு பாவையை இரண்டாகப் பிரித்துவிட்ட பிறகு எந்தக் கண்ணாடியாலும் தெளிவு கிடைக்காது, தெளிவற்ற பிம்பத்தையே பெறும் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிடும். லென்ஸை அகற்றுவதைவிடப் புதிய லென்ஸை எதில் நிறுத்துவது என்பதே கடினமான கேள்வி. லென்ஸைத் தைத்து நிறுத்தும் மிக மெல்லிய 10-0 பாலிப்ரொப்பிலீன் நூல் சில ஆண்டுகளில் நைந்து அறுந்த அனுபவம் உலகெங்கும் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அறுபது எழுபது ஆண்டுகளை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பதால், தடித்த 9-0 நூலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜூன் 17

வலக்கண் அறுவை முடிந்தது. லென்ஸ் உறையின் முன்சுவரில் வட்டத் திறப்பு உண்டாக்கும்போது, எதிர்த்து இழுக்க வேண்டிய இழைகள் தளர்ந்திருந்ததால் உறை கருவியோடு சேர்ந்து நகர்ந்தது. திறப்பின் விளிம்பைக் கொக்கிகளால் பிடித்து நிறுத்திய பிறகே மேற்கொண்டு செயல்பட முடிந்தது. குழந்தையின் லென்ஸ் மென்மையானது, உறிஞ்சினாலே வந்துவிடும். பின்னர் உறையை விரித்துத் தாங்கும், தைப்பதற்குக் கண்ணி உள்ள சியோனி வளையத்தை உறைக்குள் செலுத்தி, அதன் கண்ணியில் கோத்த நூலை விழிவெண்படலத்தில் தைத்து இழுத்ததும், உறை நடுவுக்கு வந்தது. செயற்கை லென்ஸ் அதற்குள் அமர்ந்தது.

ஜூன் 20

பசுவின் கொம்பு குத்தி, லென்ஸ் கண்ணின் பின்பகுதியை நிரப்பும் கூழான விட்ரியஸுக்குள் விழுந்திருந்த ஒரு பெண்மணிக்கு இன்று அறுவை. உறையே பயன்படாத நிலையில் வளையத்துக்கு இடமில்லை. விட்ரெக்டமி செய்து (அந்தக் கூழை வெட்டி எடுத்து) லென்ஸை அகற்றிய பின், சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் 2007-இல் உருவாக்கிய ஒட்டுமுறையைக் கையாண்டோம்: விழிவெண்படலத்தில் எதிரெதிரே இரண்டு மடிப்புகள் வெட்டி, செயற்கை லென்ஸின் கால்களை வெளியே எடுத்து, அப்படலத்தில் குடைந்த சுரங்கத்தில் செருகி, மடிப்புகளை இரத்தம் உறையவைக்கும் புரதத்தாலான ஃபைப்ரின் பசையால் ஒட்டினோம். கால்நுனிகளைச் சூட்டால் குமிழாக்கிப் பதிக்கும் யமானே முறையும் நல்லதே; இருப்பினும், லென்ஸ் சாயாமல் நிற்பதற்கு எனக்குக் கைபழகிய முறையையே நம்புகிறேன்.

ஜூன் 25

சிறுவனின் லென்ஸ் நடுவில் நிலைத்திருக்கிறது, கண் அழுத்தமும் சீர். கண்ணாடி எழுதிக் கொடுத்து, அறுவை செய்த கண்ணுக்குப் பயிற்சி கிடைப்பதற்காக இடக்கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி வைக்கச் சொன்னேன். மார்ஃபான் கண்களில் விழித்திரை விலகும் அபாயம் வாழ்நாள் முழுவதும் உண்டு. மின்னல் போன்ற ஒளியோ திரை விழுந்தாற்போன்ற நிழலோ தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்று தாயாரிடம் வலியுறுத்தினேன். இடக்கண் அறுவை அடுத்த மாதம்.