முத்திரையும் முகதாட்சிணியமும்

சட்டமுறை எடையளவுப் பணியில், கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்ததால், "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் வசனத்தை ஓய்வுநாள் பள்ளியிலேயே ஒப்பித்திருந்தேன். அதுவே பிழைப்பாகும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்தபின் நான் திரும்பத் திரும்ப வாசித்தது வேதாகமத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை. தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் சரியாக இருக்கவேண்டும் என்று கட்டளையிடும் 36ஆம் வசனம், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லாமல், உங்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நான் என்று முடிகிறது. அந்த எகிப்தில் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வாங்கினார்கள் என்று யாத்திராகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. அநியாயக் கணக்கில் நசுங்கிய ஜனத்தைத் தாம் வாக்குக்கொடுத்தபடியே மீட்ட பிறகுதான், அவர்களிடம் நியாயமான தராசைக் கேட்கிறார். அவருடைய உண்மை முந்தியது, கட்டளை பிந்தியது. இந்த வரிசை புரண்டால் கீழ்ப்படிதல் வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடும் என்பதை என் வேலையே எனக்குப் புரியவைத்தது.

வார்ப்பிரும்பு எடைக்கல்லின் குழியில் ஈயம் அடைத்து எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின்மேல் முத்திரை குத்துவோம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் காலாண்டைக் குறிக்கும் எழுத்தும் அதில் இருக்கும். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை வேண்டும். ஈயத்தைச் சுரண்டுகிறவர்கள் உண்டு. சுரண்டாமல், உழைத்து உழைத்துத் தானாகத் தேய்ந்த கல்லும் உண்டு.

ஒரு வாரச்சந்தையில் காய்கறி விற்ற மூதாட்டியிடம் இருந்தது இரண்டாவது வகை. அவருடைய ஒரு கிலோ கல்லை எங்கள் தராசில் வைத்தபோது ஏறக்குறைய 30 கிராம் குறைந்தது. "இது எங்க அத்தை காலத்துக் கல்லுய்யா, இரும்பு தேயுமா?" என்றார். "தேயும் ஆச்சி" என்றேன். விட்டுவிடலாம் என்று மனம் சொன்னது. ஆனால் அதே 19ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம், சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாதே, பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாதே என்று இரண்டு பக்கமும் அடைக்கிறது. அவரிடம் வாங்குகிறவர்களும் கூலிக்காரர்கள்தாம். அவர்களுடைய 30 கிராமை இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்க நான் யார்? கல்லைப் பறிமுதல் செய்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதி வசனத்துக்குத்தான் கீழ்ப்படிந்ததாகியிருக்கும். அவர் சரக்கெடுக்கும் மண்டி எது என்று கேட்டு, மறுநாள் விடியுமுன்பே அங்கே போனேன். மேடைத் தராசின் முத்திரைக் கம்பி அறுத்து ஒட்டப்பட்டிருந்தது. சோதனைக்கற்களை ஏற்றியபோது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஆச்சி குறைத்து விற்பதற்கு முன்பே குறைத்து வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குப்பின் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும், முதலில் மண்டி, பிறகுதான் தரைக்கடை என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சட்டம் இந்த வரிசையை எனக்குச் சொல்லவில்லை. சட்டப்படி இரண்டும் குற்றம், அவ்வளவே.

மண்டிக்காரருக்காகப் பேசியவர்களும் உண்டு, தீபாவளிக்கு முன்னால் கவர் நீட்டியவர்களும் உண்டு. பள்ளி ஆண்டின் நடுவில் எனக்கு இடமாற்றம் வந்தது, காரணம் எழுதப்படவில்லை. சபையின் சாட்சிக் கூட்டங்களில் "லஞ்சத்தை மறுத்தேன், கர்த்தர் பதவி உயர்வு தந்தார்" என்று சிலர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பதவி உயர்வு வராதவனுக்குத் தேவன் உண்மையுள்ளவராக இல்லையா? இடமாறிப் போன ஊரிலும் வாடகை வீடு கிடைத்தது, பிள்ளைகள் அழுதுகொண்டே புதுப் பள்ளிக்குப் போனார்கள், ஒன்றிரண்டு மாதத்தில் அழுகை நின்றது. இதைச் சாட்சியாகச் சொன்னால் யாரும் அல்லேலூயா சொல்லமாட்டார்கள். இருந்தாலும் அந்த நாட்களில் அவர் எங்களைக் கைவிடவில்லை என்பதை நானும் என் மனைவியும் அறிவோம்.

புது ஊரில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த மஞ்சளையும் பருப்பையும் ஆலய வளாகத்தில் நிறுத்து விற்ற தராசில் பல ஆண்டுகளாக முத்திரையே இல்லை. கமிட்டியாரிடம் சொன்னேன். கர்த்தருடைய வீட்டில்கூடவா சோதனை என்று ஒருவர் முகம் சுளித்தார். இங்கேதான் முதலில் வேண்டும் என்று குருவானவர் முடித்துவைத்தார். அடுத்த முத்திரை முகாமுக்கு ஆலயப் பணியாளர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். சபைக்கென்று கட்டணத்தில் ஏதாவது சலுகை உண்டா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்லி ரசீது போட்டுக் கொடுத்தேன்.