நிழலில் நீலம் வைத்தால் ஏன் ஓட்டை விழுகிறது?

எண்ணெய் வண்ணத்தில், நிறங்களைக் குழைக்காமல் தனித்தனித் தீற்றல்களாக வைத்து நிலக்காட்சி வரையும்போது படம் சிதறிப்போனால், பலரும் நிறத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் வெளிர்வு–அடர்வில்தான் இருக்கும். மரநிழலில் நீலம், ஊதா, அடர்பச்சை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருட்டாக இருக்கவேண்டும். அப்போதுதான் தள்ளி நின்றால் ஒரே நிழலாகச் சேரும். நீலம் மட்டும் வெளுத்திருந்தால் அந்த இடம் ஓட்டைபோலத் தெரியும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். துருத்திக்கொண்டு நிற்கிற தீற்றலை மாற்றினால் போதும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராக இறங்காதீர்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை, எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச்செய்யும் டர்பென்டைனில் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பச்சைத் தீற்றல்களின் இடுக்கில் தெரியும் அந்தச் செம்பழுப்புதான் வயலுக்கு உயிர். இடுக்குகளை அடைத்துவிட்டால் வயல் பச்சைச் சுவராகிவிடும்.

வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டுக்குக் கறுப்பு தேவையில்லை. அல்ட்ராமரைன் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தாலே வேண்டிய இருட்டு கிடைக்கும். வெயில்பட்ட புல்லுக்கு மூன்று, நிழல் புல்லுக்கு மூன்று என்று வண்ணம் கலக்கும் கத்தியால் முன்பே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நின்று வரையும்போது இரண்டு மணி நேரத்துக்குள் நிழல்கள் நகர்ந்துவிடும். அங்கே நின்று கலந்துகொண்டிருக்க நேரமிருக்காது. 1890–91இல் வைக்கோற்போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸையே மாற்றி வேலை செய்தார்.

பன்றிமுடித் தட்டைப் பிரஷில் வண்ணத்தைத் தாராளமாக எடுத்து, படுக்கவைத்தாற்போல் பிடித்து, வைத்ததும் எடுத்துவிடுங்கள். அழுத்தினால் அடியிலுள்ள ஈர வண்ணம் கிளம்பி வரும். ஆரஞ்சும் நீலமும் அப்படிக் கலந்தால் சாம்பல் நிறம்தான். இரண்டு மூன்று தீற்றலுக்கு ஒருமுறை பிரஷைத் துடையுங்கள். சேறானால் அதன்மேல் பூசாமல் கத்தியால் வழித்தெடுங்கள்.

முதல் பூச்சில் டர்பென்டைன் கலக்கலாம். மேலே வருவது டியூபிலிருந்து வந்தபடியே இருக்கட்டும். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும்.

சில நாள் கழித்துத் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஏறக்குறைய உலர்ந்த பிரஷில் வெளிர்மஞ்சள் தொட்டு லேசாக இழுத்துப் பாருங்கள். பழைய தீற்றல்களின் மேடுகளில் மட்டும் மஞ்சள் பிடிக்கும். பள்ளங்களில் பச்சை அப்படியே நிற்கும்.