நடுவுல ரூம் இருக்கான்னு கேளு

பாம்பன் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த மாமாவிடம் போனை நீட்டினேன். ரெண்டு சொகுசுச் சுற்றுலாக் கப்பல் படம்.

ஒன்று ஐகான் ஆஃப் த சீஸ். 2024-ல் ஓட ஆரம்பித்தது, 20 அடுக்கு, 7 நீச்சல் குளம். மயாமியில் ஏறணும், சும்மா ஆசைக்குத்தான். இன்னொன்று சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வந்த கார்டீலியா எம்ப்ரஸ், 1990-ல் கட்டியது.

மாமா நீச்சல் குளத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. செதில் ஒட்டிய கட்டைவிரலால் பெரிய கப்பலின் அடிப்பக்கத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

"இது மிதக்க எவ்வளவு ஆழம் வேணும்?"

9 மீட்டருக்கு மேல, மாமா.

"அஞ்சு பாகம், பாகத்துக்கு ஆறடி. அப்ப நம்ம மணல்திட்டுப் பக்கம் எட்டியே பாக்காது."

சரிதான். சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகும் பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகிறது.

"ரூமை அணியத்துப் பக்கம், அதான் கப்பலோட முன்மூக்குல, எடுத்துறாத. நடுவுல, கீழ்த்தட்டுல கேளு."

மேல்தட்டு, பால்கனி என்று காசு ஏற ஏற ஆட்டமும் ஏறும். இதை எந்த விளம்பரம் சொல்கிறது?

டிக்கெட் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் வீண். வைஃபை, குடிவகை, ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ், இறங்கிச் சுற்றும் செலவு, பல கம்பெனிகளில் எல்லாம் தனி. மொத்தத்தையும் கூட்டி ராத்திரிக் கணக்கில் வகுத்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆஃபர் வந்தால் தொடவே கூடாதாம். புயல் மாசம்.

அத்தைக்கு ஒரே சந்தேகம்: "மீன் குழம்பு வைப்பாய்ங்களா?"