விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது எங்கள் ஜெராக்ஸ் கடையில் செய்தது

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் நானும் என் கணவரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். போர்டில்தான் ஜெராக்ஸ், பாதி வருமானம் கல்யாணப் பத்திரிகை டிசைனிலும் ஆன்லைன் விண்ணப்பங்களிலும் வருகிறது. கடையில் மூன்று சிஸ்டம், மூன்றிலும் விண்டோஸ் 10. 2025 ஆகஸ்டில் ஒருநாள், ஒரு பாட்டிக்கு உதவித்தொகை விண்ணப்பம் ஏற்றிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறதாம். "என்னம்மா, நம்ம பேரு வரலையா?" என்று பாட்டி பதறிவிட்டார். அறிவிப்பை மூடிவிட்டு வேலையை முடித்து அனுப்பினேன். அன்று இரவே இதற்கு என்ன செய்வது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது ஒன்று. ஆதரவு முடிந்தால் சிஸ்டம் நின்றுவிடாது. அக்டோபர் 15 காலையிலும் வழக்கம்போலத் திறக்கும், பிரிண்ட் எடுக்கும், எல்லாம் செய்யும். அதனால்தான் பலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். நிற்பது மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரல். 11-இல் ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியானால், அதைப் பிரித்துப் பார்த்தே ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிட முடியும். அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாத கணினிகள்தான் மாட்டின. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கு, வைரஸ் பரவிய பிறகுதான் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள்.

வீட்டில் பாட்டுக் கேட்கும் கணினி என்றால் நானும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். எங்கள் கடை சிஸ்டத்தில் ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், பத்திர நகல் எல்லாம் வந்து போகின்றன. நம்பிக் கொடுத்தவர்களுக்கு விண்டோஸ் என்றாலே என்னவென்று தெரியாது. அவர்கள் சார்பில் நாங்கள்தான் யோசித்தாக வேண்டும்.

சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டோம். வந்தவர் மூன்றையும் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் பழசு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க" என்றார். மூன்றுக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை லட்சத்தைத் தாண்டியது. கல்யாண சீசன் இல்லாத நேரம். எந்த சிஸ்டத்தில் எந்த வேலை நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவரை அனுப்பிவிட்டோம். அந்த நோட்டுதான் எங்களுக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. ஆன்லைன் வேலை நடக்கும் சிஸ்டத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். நான்காயிரத்துக்கு மேல் கோப்புகள். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படங்கள், 2018-இல் எடுத்த வருமானச் சான்று, யாரோ ஒரு பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இறந்துபோன ஒரு பெரியவரின் ஓய்வூதியப் புத்தகம். பல வருடமாக அப்படியே சேர்ந்திருந்தது. நானும் கணவரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அழித்தோம். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தோம். இப்போது கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அன்று வந்த கோப்பு அன்று மாலை ஷட்டர் இறக்கும் முன் போய்விட வேண்டும். சிஸ்டம் மாற்றுகிற யாராக இருந்தாலும் இதிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்தவர் காகிதங்களைப் புது சிஸ்டத்துக்கும் சுமந்துகொண்டு போகாதீர்கள்.

பத்திரிகை டிசைன்கள் வேறு கதை. அது எங்கள் உழைப்பு. அதை இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் தனித்தனியாக நகல் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தோம். நகல் எடுத்தால் போதாது, வேறு சிஸ்டத்தில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்ததில் ஒரு ஃபோல்டர் பாதியிலேயே நின்றிருந்தது தெரிந்தது. திரும்ப எடுத்தோம்.

சரி, சிஸ்டங்களுக்கு வருகிறேன். பில் போடுவது, கைரேகைக் கருவி, பிரிண்டர் எல்லாம் இருப்பது 2020-இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ரைசன் 3 3200ஜி ப்ராசசர். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய செயலியைப் போட்டுப் பார்த்தபோது, விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை, டிபிஎம் 2.0 இல்லை என்றது. ஆனால் அந்த ப்ராசசர் ஆதரவுப் பட்டியலில் இருந்தது. டிபிஎம் என்பது கடவுச்சாவிகளைப் பத்திரமாக வைக்கும் ஒரு பகுதி. இந்த ப்ராசசர்களில் அது உள்ளேயே இருக்கிறது, பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சிஸ்டம் ஆன் ஆகும்போது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய் எஃப்டிபிஎம் என்பதை ஆன் செய்தேன். இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரில் இருக்கும். திரும்பச் சோதித்ததும் அந்தக் குறை போய்விட்டது. தூக்கிப் போடச் சொன்ன சிஸ்டம் இது.

அடுத்து செக்யூர் பூட், அதாவது சிஸ்டம் ஆன் ஆகும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் வசதி. இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் விண்டோஸ் பழைய முறையில், லெகசியாக நிறுவப்பட்டிருந்தது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் பயாஸ் மோட் என்ற வரியில் இது தெரியும். செக்யூர் பூட்டுக்கு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை வேண்டும். நான் அவசரப்பட்டு பயாஸில் பழைய முறையை, அதாவது சிஎஸ்எம் என்பதை முதலில் அணைத்துவிட்டேன். சிஸ்டம் ஹார்டு டிஸ்க்கையே கண்டுகொள்ளவில்லை. திரும்பத் திரும்ப பயாஸுக்கே வந்து நின்றது. வயிறு கலங்கிவிட்டது. திரும்பப் போய் சிஎஸ்எம்மை ஆன் செய்ததும் விண்டோஸ் வந்தது. சரியான வரிசை இது: முதலில் விண்டோஸுக்குள் இருந்தே டிஸ்க்கின் அமைப்பை மாற்ற வேண்டும். அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, முதலில் வேலிடேட் என்று கொடுத்துச் சோதித்து, பிறகு கன்வெர்ட் கொடுக்க வேண்டும். கோப்புகள் அழியாது, ஆனாலும் நகல் இல்லாமல் தொடாதீர்கள். அது முடிந்த பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்து, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்தோம்.

அதன் பிறகு அப்கிரேட் ஒரு மதியத்தில் முடிந்தது. அசல் லைசென்ஸ் என்பதால் பணமும் கேட்கவில்லை. கைரேகைக் கருவிக்கு மட்டும் டிரைவரைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஒன்று மறக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைப்பது, ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஆகியிருந்தால் அதைத் திறக்கும் ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸை மாற்றினாலோ அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். அப்போது தேடிப் பயனில்லை.

இரண்டாவது சிஸ்டம் 2017-இல் வாங்கியது, ஏழாம் தலைமுறை ஐ5. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 எடுக்கும். ஒரே ஒரு தலைமுறையில் தவறிவிட்டது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று தம்பி சொன்னார். அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு! வேண்டாம் என்றுவிட்டோம். நோட்டைப் பார்த்தால், அந்த சிஸ்டத்தில் நடப்பதெல்லாம் பிரவுசர் வேலை. விண்ணப்பம், ரேஷன் அட்டைத் திருத்தம், கரண்ட் பில், ரயில் டிக்கெட். அதற்கு விண்டோஸ் எதற்கு?

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டோம். எங்களுக்கு லினக்ஸ் முழுக்கப் புதிதல்ல. 2014-இல் எக்ஸ்பி முடிந்தபோது தமிழக அரசு அலுவலகங்களை, இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பிலும் பாஸ் இருந்தது. பழுது என்று அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் நிறைய. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான கோப்பை இறக்கி, எட்டு ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். அந்த ஒரு நாள் ரொம்ப முக்கியம். தமிழ்99 விசைப்பலகை வருகிறதா, கணவருக்குப் பழகிய பழைய தட்டச்சு முறை வருகிறதா என்று பார்த்தோம். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸோடு, விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் இரண்டும் வந்தன. ஃபோட்டோவைக் கேட்ட கேபி அளவுக்குச் சுருக்க கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் இருக்கிறது. எங்கள் பழைய லேசர் பிரிண்டர் மட்டும் மசியவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு விட்டுவிட்டேன். பிடிஎஃப்பாகச் சேமித்து, நெட்வொர்க்கில் ஒரு பொது ஃபோல்டருக்கு அனுப்பி, விண்டோஸ் 11 சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் எடுக்கிறோம். ஒரு வேலைக்குப் பத்து விநாடி கூடுதல்.

நான் எதிர்பார்க்காத ஒரு நன்மையும் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரியும், பென் டிரைவ்தான் பெரிய தலைவலி. பத்துப் பேர் கொண்டு வந்தால் மூன்றில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும். நவம்பரில் ஒரு கல்லூரிப் பெண் கண் கலங்கி வந்தாள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் போய்விட்டது, வெறும் ஷார்ட்கட்தான் நிற்கிறது, நாளைக்கு பைண்டிங் கொடுக்க வேண்டும் என்றாள். மின்ட் சிஸ்டத்தில் செருகினேன். அந்த வைரஸ் கோப்புகளை விண்டோஸின் கண்ணுக்கு மறைத்து மட்டும்தான் வைத்திருந்தது. லினக்ஸ் அந்த மறைப்பைப் பொருட்படுத்தாததால் அவள் ஃபோல்டர் அப்படியே தெரிந்தது. "இருக்குதுக்கா!" என்று திரையைத் தொட்டே காட்டினாள். இப்போது யார் கொண்டு வரும் பென் டிரைவும் முதலில் அந்த சிஸ்டத்தில்தான் செருகப்படும்.

மூன்றாவதுதான் மனதுக்கு நெருக்கமானது. 2013-இல் வாங்கிய ஐ3. அதில் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7 இருக்கிறது. 2001-இல் வந்த மென்பொருள், அதற்குப் பின் பெரிய புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. தமிழ் எழுத்துருக்களுக்கான லாக் ஒன்று, அதாவது உரிமம் சரிபார்க்கும் சிறு கருவி, யுஎஸ்பியில் செருகியிருக்கும். எங்கள் பத்திரிகைகள் எல்லாம், எந்த சிஸ்டத்திலும் ஒரே மாதிரி எழுத்தைக் காட்டும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்த எழுத்துருக்கள். எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் மணமகன் பெயர் வெறும் ஆங்கில எழுத்துகளாக நிற்கும், புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி கிடக்கும். இதை அவசரமாக மாற்ற முடியாது. அதனால் அந்த சிஸ்டத்தில் விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டுவிட்டு, இன்டர்நெட்டை எடுத்துவிட்டோம். செட்டிங்ஸில் அணைக்கவில்லை, கேபிளையே உருவி, சுருட்டி, சணலால் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார் என் கணவர். வைஃபையும் கிடையாது. உள்ளே போக, வெளியே வர ஒரே ஒரு பென் டிரைவ், சிவப்பு நூல் கட்டியது. அது மின்ட் சிஸ்டத்துக்கும் இதற்கும் இடையே மட்டும்தான் போகும். வாடிக்கையாளர் மேட்டரும் ஃபோட்டோவும் அந்த வழியில் உள்ளே போகும், ப்ரூஃப் பிடிஎஃப்பாக வெளியே வரும். எழுத்துருக் கோப்புகளையும் தனியாக ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம்.

வீட்டில் மாமனார் பார்க்கும் சிஸ்டம் ஒன்று உண்டு. அவருக்கு எதையும் மாற்றிக் கொடுத்துக் குழப்ப மனமில்லை. அதற்கு இஎஸ்யு என்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தோம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று அப்போது அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வந்தது. செட்டிங்ஸை ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் அப்போது இலவசம். இல்லையென்றால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர். இது வீட்டுக் கணினிகளுக்கானது. தொழில் நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. அதனால்தான் கடை சிஸ்டங்களுக்கு அதை யோசிக்கவில்லை. ஆஃபிஸ் 2016, 2019 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அவற்றுக்கும் அதே அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது.

மொத்தச் செலவு இரண்டு ஹார்டு டிஸ்க்கும் இரண்டு பென் டிரைவும்தான். இப்போது மதிய நேரங்களில் அடிக்கடி கேட்கும் டிசைன்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எழுத்தை மாற்றும் கருவி இருந்தாலும், ஊர்ப் பெயரையும் இனிஷியலையும் கண்ணால் ஒருமுறை படித்துத்தான் ஆக வேண்டும். காதுகுத்துப் பத்திரிகைகள் முடிந்துவிட்டன. கிரகப்பிரவேசம் பாதியில் இருக்கிறது. அப்புறம் கல்யாணம், அதுதான் எண்ணிக்கையில் அதிகம்.